சார்பதிவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சார்பதிவாளர்களுக்கு,

வணக்கம். பெற்ற பிள்ளையோ மருமகனோ ஏமாற்றி வீட்டை எழுதி வாங்கிவிட்டதாக வரும் முதியவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான். அவர்கள் கொண்டுவரும் பத்திரங்களைப் படிக்கும்போதெல்லாம் உங்கள் மேசைமுன் கழிந்த சில நிமிடங்கள்தான் கண்ணை உறுத்துகின்றன.

பெரும்பாலும் அது தானசெட்டில்மெண்ட், அதாவது பணம் வாங்காமல் சொத்தை உறவினர் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். "உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று வரும். "இதை எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை" என்று முடியும். கடைசி வரியை அந்த அம்மாவுக்கு யாரும் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். பேங்க் லோனுக்குக் கையெழுத்து வேண்டும், பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் அழைத்து வந்திருப்பார்கள். கேமரா முன் உட்காரவைத்து, ரேகை வாங்கி, "கையெழுத்து உங்களோடதுதானே?" என்று கேட்கிறீர்கள். "ஆமாங்க" என்கிறார். பொய்யில்லை, கையெழுத்து அவருடையதுதான். எதில் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்ததும் பலர் உங்களிடமே ஓடி வருகிறார்கள், ரத்துப் பத்திரம் பதியச் சொல்லி. ஒருதலையாக ரத்து செய்ய முடியாது என்று திருப்பி அனுப்புகிறீர்கள். சட்டப்படி சரிதான். ஆனால் அடுத்து எங்கே போவது என்று சொல்லி அனுப்பலாமே?

போக இடம் இருக்கிறது. மோசடி தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள், பத்திரத்தை ரத்து செய்யக் கோரி சிவில் வழக்கு போடலாம். வழக்கு முடியுமுன் வீடு கைமாறாமல் இருக்க இடைக்காலத் தடை கேட்க வேண்டும். இதைத் தாமதப்படுத்தினால் விவரம் அறியாத மூன்றாம் ஆள் ஒருவர் வீட்டை வாங்கிவிட, சிக்கல் இரட்டிப்பாகும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. போலீசில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். "இது சிவில் மேட்டர்" என்ற பதிலுக்குத் தயாராகப் போவது நல்லது.

60 வயது தாண்டியவர்களுக்கு இன்னொரு வழி, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. அதன் 23-வது பிரிவுப்படி, பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். சண்டையெல்லாம் அந்த 'நிபந்தனை'யில்தான். அது இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியவர்களுக்குச் சாதகமாக இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும், வீட்டை மீட்டுக் கொடுக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. அன்பினால் எழுதிக் கொடுத்தேன் என்பதிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2025-இல் சொல்லிவிட்டது. இருந்தாலும், பத்திரத்தில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் இத்தனை வாதம் எதற்கு?

அதனால்தான் கேட்கிறேன். வயதானவர் எழுதிக் கொடுக்க வந்தால் கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லுங்கள். "இந்தக் கையெழுத்துக்கு அப்புறம் வீடு யாருடையது?" என்று கேளுங்கள். "என்னோடதுதான், வேற யாரோடது?" என்று பதில் வந்தால் பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டாமல் மேலே போகாதீர்கள். அவர் ஆயுள்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும், அவரைப் பராமரிக்கும் நிபந்தனையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வேண்டாம் என்றுதான் விட்டாரா என்று அவர் வாயாலேயே கேளுங்கள். கூட்டம் அதிகம், டோக்கன் வரிசை நிற்கிறது என்பீர்கள். தெரியும். முகூர்த்த நாளில் உங்கள் அலுவலகத்தில் நிற்கவே இடமிருக்காது. அன்றைக்கு மட்டும் முதியவர்களின் செட்டில்மெண்டை வேறு நாளுக்குத் தள்ளி வையுங்கள். நல்ல நேரம் போய்விட்டதே என்று கோபப்படுபவர், அநேகமாக எழுதி வாங்க வந்தவராகத்தான் இருப்பார்.

இப்படிக்கு,
மனு எழுதுபவன்