மரத்துப்போகும் ஊசி போட்டால் புண் ஆறாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண்ணாடித் தட்டின் மேல் ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கும்போது கண்ணாடி விளிம்பு உள்ளங்கையைக் கிழித்துவிடும். தச்சுப் பட்டறையில் உளி விரலில் இறங்கிவிடும். தையல் போட வருகிறவர்களில் சிலர், "மரத்துப்போற ஊசி வேண்டாம் டாக்டர், சுகர் இருக்கு, புண்ணு ஆறாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஊறிப்போன இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லவே இக்கடிதம்.

பயத்துக்கு ஒரு மூலம் இருக்கத்தான் செய்கிறது. ஆய்வகத் தட்டில் வளர்த்த திசு அணுக்களின் மேல் மரத்துப்போகச் செய்யும் மருந்துகளான லிக்னோகெயினையோ புபிவகெயினையோ அடர்த்தியாக விட்டால், அவை பெருகுவதும், புண்ணை இணைக்கும் நாரான கொலாஜனை உண்டாக்குவதும் குறைகின்றன. ஆனால் தட்டில் மருந்து தேங்கி நிற்கிறது. உடம்பில் அப்படி நிற்பதில்லை. உடம்பில் லிக்னோகெயின் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். கொலாஜன் நெய்யும் அணுக்கள் புண்ணில் கூடுவதோ இரண்டாம், மூன்றாம் நாளில்தான். கொத்தனார் வருவதற்குள் மருந்து ஊரைவிட்டே போயிருக்கும். வழக்கமான அளவில் ஒருமுறை போடும் ஊசி, புண் ஆறுவதைக் கண்ணுக்குத் தெரியும்படி தாமதப்படுத்துவதில்லை. மூட்டுக்குள் குழாய் வைத்து நாள்கணக்கில் மருந்து செலுத்துவது வேறு விஷயம். அது குருத்தெலும்பை அரித்ததால்தான் 2009இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

ஊசியை மறுப்பதால்தான் உண்மையான கெடுதல். வலியில் கையை இழுத்துக்கொள்கிறவரின் புண்ணை யாராலும் ஒழுங்காகக் கழுவ முடியாது. சிமென்ட் துகளும் கண்ணாடிச் சில்லும் உள்ளே தங்கிவிட்டால், மேலே எவ்வளவு அழகாகத் தைத்தாலும் சீழ் கோக்கும். மரத்த பிறகு சலைன் நீரை சிரிஞ்சில் எடுத்து, அழுத்திப் பீய்ச்சி, அழுக்கு போகும்வரை கழுவலாம். ஆழமான கண்ணாடிக் கீறலுக்கு எக்ஸ்ரே எடுப்பது நல்லது. பெரும்பாலான கண்ணாடிச் சில்லு அதில் தெரியும்.

போடுகிற விதத்தில் தவறு நேர்ந்தால் புண் பாதிக்கப்படும் என்பதும் உண்மை. அளவு முதலில். அட்ரினலின் கலக்காத லிக்னோகெயினுக்கு எடையில் கிலோவுக்கு 3 மி.கி. பாதுகாப்பான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 180 மி.கி., அதாவது 2 சதவீத மருந்தில் 9 மி.லி. காயம் பெரிதென்றால் 1 சதவீதமாக நீர்க்கச் செய்துகொள்ள வேண்டுமே தவிர, மொத்த மி.கி. ஏறக் கூடாது. வாயைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல் வந்தால் மருந்து மிஞ்சியதன் அறிகுறி, உடனே நிறுத்த வேண்டும். அளவுக்குள் இருந்தாலும், ஒரே இடத்தில் மருந்தை நிரப்பித் தோல் உப்பிப்போனால் விளிம்புகள் சரியாகச் சேராது. வீக்கம் வடிந்ததும் தையல் தளர்ந்துவிடும். விரலுக்கு அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் 1 முதல் 2 மி.லி. போட்டு நரம்பை மரக்கச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கும். விரலில் அதைப் போடவே கூடாது என்ற பழைய விதி இப்போது தளர்ந்திருக்கிறது. ஆனால் சர்க்கரையாலோ புகையிலையாலோ ரத்தக்குழாய் அடைத்துப்போன கால்விரலுக்கு அந்த விதியை இன்றும் விடக் கூடாது. சீழ் கட்டிய இடத்துக்குள்ளேயே ஊசி போடுவதும் வீண். அங்கே அமிலம் மிகுந்திருப்பதால் மருந்து நரம்புக்குள் நுழையாது. கட்டியைச் சுற்றித்தான் போட வேண்டும்.

எரிச்சலுக்குப் பயப்படுகிறவர்களுக்கும் வழி உண்டு. மெல்லிய ஊசியில் மெதுவாகச் செலுத்தினாலே பாதி வலி குறையும். 1 சதவீத லிக்னோகெயின் 10 மி.லி.க்கு 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் 1 மி.லி. கலந்தால் இன்னும் குறையும். புபிவகெயினில் இதைக் கலந்தால் திரிந்து படியும், கூடாது.

புண் ஆறாமல் இழுப்பதற்குப் பெரும்பாலும் காரணம், கட்டுக்கடங்காத சர்க்கரை, பீடி, அளவுக்கு மீறி இறுக்கிய தையல், பத்தியம் என்று பருப்பையும் முட்டையையும் ஒதுக்குவது. தசை வளரப் புரதம் வேண்டும். தையல் போட்டவர் அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

கடைசியாக ஒன்று. ஊசி போடுவதற்கு முன்பே விரல் நுனியில் தொடு உணர்வு இருக்கிறதா, ஒவ்வொரு கணுவும் மடங்குகிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். மரத்த பிறகு உணர்வைச் சோதிக்க முடியாது. லிக்னோகெயின் போட்ட விரல் மறுநாள் காலையிலும் மரத்தே இருந்தால் அது ஊசியின் வேலை அல்ல. நரம்பு அறுபட்டிருக்கலாம். தையல் பிரிக்கும் நாள்வரை காத்திருக்காமல் அன்றே கை அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
அறுவை சிகிச்சை மருத்துவர்,
காரைக்குடி