மெஷினுக்கு முன்னால் கேபின்

அன்புள்ள மாணிக்கம்,

சினிமா கொட்டகையை இடித்து மண்டபம் கட்டப் போவதில்லை என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது.

லேசர் புரொஜெக்டர் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கு. தினம் நாலு ஆட்டம், ஆட்டத்துக்கு 3 மணி நேரம் என்று வை. பழைய வகை புரொஜெக்டரில் 1,000 மணி நேரம் எரியும் செனான் விளக்கு மூன்று மாதம்கூடத் தாங்காது. லேசரின் வெளிச்சம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 20,000 மணி நேரம், அதாவது நாலரை வருஷம் ஆகும்.

ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் புரொஜெக்டர் வைக்கும் அறையான கேபினைச் சரி செய். அது கார்பன் குச்சி எரித்து வெளிச்சம் உண்டாக்கிய கார்பன் ஆர்க் காலத்துக் கட்டடம்; புகைபோக்கி இருக்கும், ஏசி இருக்காது. ஃபில்டரில் தூசி அடைத்துச் சூடு ஏறினால் லேசர் தானே மங்கும், அல்லது படத்தின் நடுவில் நின்றுபோகும். கேபின் சுவரில் வெளிச்சம் வெளியே போகும் போர்ட் ஹோலில் இருக்கும் பழைய பச்சைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆப்டிகல் கண்ணாடி போடு. தனி எர்த் இழு. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள், படத்தை ஓட்டும் கம்ப்யூட்டரான சர்வர் அணைந்தால், திரும்ப எழுந்திருக்கச் சில நிமிஷம் ஆகும். அதனால் சர்வர், சவுண்ட் புராசஸர், விளக்கு, திரைச்சீலை எல்லாவற்றையும் தானே இயக்கும் ஆட்டோமேஷன் பெட்டி மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

ஆட்டோமேஷனில் உனக்குத் தலைவலி தரப்போவது பழைய திரைச்சீலை மோட்டார்தான். கயிறு நீண்டுபோனால் கடைசியில் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்சைச் சீலை தொடாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து எரிந்துவிடும். சீலை முழுக்கத் திறக்க 20 வினாடி ஆகிறதென்றால், 25 வினாடியில் கரண்டை வெட்டும் டைமர் ரிலே ஒன்று சேர்த்துவிடு. அகலம் உயரத்தைப்போல் 1.85 மடங்குள்ள விளம்பரத்திலிருந்து 2.39 மடங்குள்ள படத்துக்கு மாறும்போது லென்ஸும், திரையின் ஓரத்தை மறைக்கும் கறுப்புத் துணியான மாஸ்கிங்கும் நகர நேரம் வேண்டும். பிளேலிஸ்ட்டில் அங்கே சில வினாடி கறுப்பு வை. இன்டர்வெல்லில் ஹால் விளக்கை எரியச் சொல்லும் க்யூவை ஆப்பரேட்டர் படத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும், வசனத்தின் நடுவில் விளக்கு எரிந்துவிடக் கூடாது. ஃபயர் அலாரத்தை மட்டும் சாஃப்ட்வேரை நம்பி விடாதே. அடித்தவுடன் படத்தின் சத்தம் நின்று ஹால் விளக்கு எரிய நேரடி வயரிங் வேண்டும். சுவரில் கை சுவிட்சும் கட்டாயம்.

படத்தைத் திறக்கும் கேடிஎம் சாவி குறிப்பிட்ட சர்வருக்கும் நேரத்துக்கும் மட்டுமே செல்லும். வந்த அன்றே ஏற்றிச் சரிபார்க்கச் சொல். சர்வர் கடிகாரத்தை வருஷத்துக்கு 6 நிமிஷத்துக்கு மேல் திருத்த முடியாது, அதனால் மாதாமாதம் பார்த்துக்கொள்ள வேண்டும். கொட்டகையை மாதக்கணக்கில் பூட்டினாலும் சர்வருக்குக் கரண்ட் கொடுங்கள். சர்வரில் படத்தின் பூட்டைத் திறக்கும் மீடியா பிளாக்கின் பேட்டரி தீர்ந்தால் உள்ளே இருக்கும் டிஜிட்டல் சான்றிதழ் அழிந்து, பெட்டியைக் கம்பெனிக்கே அனுப்ப வேண்டியதாகிவிடும்.

டிக்கெட்டுக்குக் கவுன்ட்டரும் ஆன்லைனும் ஒரே சீட் மேப்பில் ஓடினால் போதும். நெட் போனாலும் விற்க, கவுன்ட்டருக்கென்று சில வரிசைகளை ஒதுக்கி வை.

உங்கள் பழைய ஆப்பரேட்டரை அனுப்பிவிடாதே. ஃபோகஸ் தளர்வதும் ஒரு ஸ்பீக்கர் ஊமையாவதும் எந்த மானிட்டருக்கும் முன்னால் அவருக்குத்தான் தெரியும்.

திரையின் அகலம், கேபினிலிருந்து திரைக்குள்ள தூரம், கேபின் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இந்த மூன்றையும் டேப் பிடித்து அளந்து எழுது. எந்த லென்ஸ் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்