கடவுச்சொல்லை அப்புறம் சொல்லிக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், ஆசிரியர் பயிற்சி நாள்களைத் திட்டமிடுகிறவர்களுக்கும் வணக்கம்.

பள்ளி ஊழியர்கள் வலைப்பதிவு எழுதி, அதன் வழியே ஒருவரோடொருவர் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும் என்று முடிவெடுத்து, அதற்கென ஒரு பயிற்சி நாளையும் ஒதுக்குகிறீர்கள். நல்ல முடிவுதான். அந்த நாளின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால்தான் கவலை வருகிறது. காலையில் கணக்குத் தொடங்குவது, கடவுச்சொல் வைப்பது. பிறகு பின்னணி நிறம் மாற்றுவது, படம் ஏற்றுவது. மதியத்துக்கு மேல் ஆளுக்கொரு பதிவு போட்டுக் காட்ட வேண்டும். "அனைவருக்கும் வணக்கம், இது என் முதல் பதிவு" என்று எல்லோரும் போடுவார்கள். கைதட்டல், குழுப்படம், தேநீர். பல இடங்களில் அந்த முதல் பதிவுதான் கடைசிப் பதிவும்.

ஊழியர்களுக்குக் கணினிப் பழக்கம் போதவில்லை என்று நினைத்து, அடுத்த ஆண்டும் அதே பயிற்சியைக் கொஞ்சம் மெதுவாக நடத்துகிறார்கள். பிளாகர் என்ற வலைப்பதிவுச் சேவை 1999இல் வந்ததே, நிரல் எழுதத் தெரியாதவர்களும் இணையத்தில் எழுதிப் போட வேண்டும் என்பதற்காகத்தான். 2003இல் வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளும் வந்தது. பொத்தானை அழுத்துகிற வேலை எப்போதோ எளிதாகிவிட்டது. பக்கத்து வகுப்பறை ஆசிரியர் படிப்பார் என்று தெரிந்துகொண்டே "இந்தப் பாடம் என் வகுப்பில் எடுபடவில்லை" என்று எழுதுவதுதான் இன்னும் கடினமாக இருக்கிறது. அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் பள்ளிக்கூடத்தை முட்டை அடுக்கும் அட்டைக்கு ஒப்பிட்டார். குழிக்கு ஒரு முட்டை. ஒன்று மற்றொன்றின் மேல் படாது. வகுப்பறைக் கதவைச் சாத்தியதும் ஆசிரியர் தனி ஆள். ஓய்வறையில் பேச்சுக்கு என்ன பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பேச்சையும் ஒருவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஜூடித் வாரன் லிட்டில் என்ற ஆய்வாளர் 1990இல் ஆசிரியர்களின் கூட்டுறவை நான்கு படிகளாக வைத்தார். வகுப்பில் நடந்ததைக் கதையாகச் சொல்வது முதல் படி. கேட்டால் உதவுவது அடுத்தது. வினாத்தாளையும் பாடக்குறிப்பையும் பகிர்ந்துகொள்வது மூன்றாவது. ஒரே சிக்கலைச் சேர்ந்து கையில் எடுத்து, அதன் விளைவுக்குச் சேர்ந்தே பொறுப்பேற்பது நான்காவது. நம் ஓய்வறைகள் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளிலேயே நின்றுவிடுகின்றன. பள்ளி வலைப்பதிவுகளும் மூன்றாவதைத் தாண்டுவதில்லை, ஏனென்றால் அவற்றைக் கோப்பு சேர்த்துவைக்கும் அலமாரியாகத்தான் அறிமுகப்படுத்துகிறோம்.

நான்காவது படி எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புக் கணித ஆசிரியை ஒருவர் சில வரிகளில் ஒரு பதிவு போட்டார். 0.5, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பாதி வகுப்பு 0.35 என்கிறது; முப்பத்தைந்து ஐந்தைவிடப் பெரியதுதானே என்பது அவர்களின் நியாயம்; கட்டம் வரைந்து விளக்கினேன், தலையாட்டினார்கள், மறுநாள் பழையபடியே எழுதுகிறார்கள்; வேறு யாருடைய வகுப்பிலாவது இப்படி நடக்கிறதா? அவ்வளவுதான் பதிவு. கூடவே ஒரு விடைத்தாளின் மூலை, பெயர் தெரியாதபடி எடுத்த படம்.

எட்டாம் வகுப்பு ஆசிரியர் பதில் எழுதினார்: "சரியாகச் சொன்ன மீதிப் பாதியையும் நம்பிவிடாதீர்கள். 0.4, 0.75 கொடுத்துப் பாருங்கள்." சில பிள்ளைகள் தாமாகவே ஒரு விதி செய்து வைத்திருப்பார்கள். பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது, ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கம் குறைவாக இருக்கும் எண்தான் பெரியது என்பது அந்த விதி. முதல் கேள்விக்கு இந்தத் தப்பான விதியே சரியான விடையைக் கொடுத்துவிடும். ஆசிரியை கொடுத்துப் பார்த்தார். முன்பு சரியாக எழுதியவர்களில் சிலர் 0.4தான் பெரியது என்று தயங்காமல் எழுதினார்கள்.

அதற்குள் அறிவியல் ஆசிரியர் வந்தார். ஆய்வகத்தில் 2.9 சென்டிமீட்டருக்கு அடுத்த கோட்டைச் சிலர் 2.10 என்று குறிக்கிறார்கள், இத்தனை நாளும் அதைக் கவனக்குறைவு என்று நினைத்து மதிப்பெண்ணைக் குறைத்துவந்தேன் என்றார். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு பதில்: உடற்கல்வி ஆசிரியர். கிரிக்கெட்டில் 9.5 ஓவர் என்றால் ஒன்பது ஓவரும் ஐந்து பந்தும். இன்னொரு பந்து வீசினால் 10. அங்கே புள்ளி வெறும் பிரிப்புக் குறிதான். பிள்ளைகள் அதிகம் பார்க்கிற புள்ளி அந்த ஸ்கோர் பலகையில் இருப்பது என்று எழுதினார். கணிதம் நடத்துகிற எங்களில் ஒருவருக்கும் இது தோன்றியதில்லை.

பிறகு இவர்கள் சேர்ந்து, எந்தத் தப்பான விதி எந்தப் பிள்ளையிடம் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் சில எண் சோடிகளை ஒரே தாளில் தயாரித்தார்கள். இரண்டு வகுப்பிலும் கொடுத்துப் பார்த்து, வந்ததை அதே பதிவின் கீழ் எழுதினார்கள். அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு தசம எண் தொடங்குகிற ஆசிரியருக்கு எங்கிருந்து தொடங்கலாம் என்று தெரியும். அது சின்ன லாபமில்லை.

அந்தப் பதிவு ஏன் ஓடியது என்பதுதான் பயிற்சியில் சொல்லித்தர வேண்டிய பாடம். சின்னதாக இருந்தது. ஒரே ஒரு குழப்பத்தைச் சொன்னது. பிள்ளை எழுதியது கண்முன் இருந்தது. கேள்வியோடு முடிந்தது. இதே காலத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர் "தசம எண்கள் கற்பித்தலில் புதிய உத்திகள்" என்று நீளமான கட்டுரை போட்டார். உழைத்து எழுதியதுதான். "அருமை ஐயா", "பயனுள்ள பதிவு" என்று வரிசையாக வந்து, அதோடு நின்றுபோனது. முடிந்துபோன ஒன்றில் மற்றவர் கைவைக்க இடம் எங்கே இருக்கிறது?

ஆகவே பயிற்சி நாளுக்கு ஒவ்வொருவரும் தமக்குப் புரியாத ஒரு விடைத்தாளைக் கொண்டுவரட்டும். நன்றாக எழுதிய தாள் வேண்டாம். அதைப் பற்றிக் காகிதத்தில் பத்து வரிக்குள் எழுதட்டும். பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, பதில் எழுதப் பழகட்டும். பதில் எழுதுவதுதான் இன்னும் கடினம், அதற்கு அதிக நேரம் கொடுங்கள். நமக்குத் தெரிந்த பதில்கள் இரண்டே: பாராட்டு, உபதேசம். அன்று ஒருநாள் மட்டும் இரண்டுக்கும் தடை போடுங்கள். ஒரு கேள்வி கேட்கலாம், அல்லது "என் வகுப்பில் இது இப்படி நடக்கிறது" என்று சொல்லலாம். மாலையில் கடைசி ஒரு மணி நேரம் கணினிக்குப் போதும். (தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சக ஊழியரின் பதிவில் ஒற்றுப்பிழை திருத்தாதீர்கள். ஒரே ஒரு திருத்தம் விழுந்தால் போதும், அலுவலக உதவியாளர் அப்புறம் எழுதவே மாட்டார்.)

அலுவலக உதவியாளரைச் சும்மா சொல்லவில்லை. எந்தப் பிள்ளை எந்தக் கிழமையில் வராமல் போகிறது என்பது வருகைப் பதிவை ஏற்றுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். நூலகருக்கும் ஆய்வக உதவியாளருக்கும் தெரிந்தது வகுப்பாசிரியருக்குத் தெரிவதில்லை. ஊழியர்கள் என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு ஆசிரியர்களை மட்டும் கூப்பிடாதீர்கள்.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது வலைப்பதிவு எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் குழுவில் சுற்றறிக்கை வரும், பிறந்தநாள் வாழ்த்து வரும், இரவு பத்து மணிக்கு "நாளை காலை 8.30க்கு எல்லோரும்" என்று வரும். தசம எண் பற்றிய நல்ல யோசனை ஒன்று வந்தாலும் மறுநாளே மேலே போய்விடும். புதிதாகச் சேர்கிற ஆசிரியருக்கு அவர் சேர்வதற்கு முன் பேசியது பெரும்பாலும் கிடைக்காது. பதிவுக்குத் தலைப்பும் தேதியும் தனி முகவரியும் இருக்கின்றன. மூன்று ஆண்டு கழித்தும் தேடி எடுக்கலாம், அங்கேயே பதில் எழுதலாம். குறிச்சொற்களை மட்டும் முதலிலேயே பேசி, கொஞ்சமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளாளுக்கு ஒன்று வைத்தால் தேடவே முடியாது.

இனி, நீங்கள் விரும்பாத பகுதி.

1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் விமானம் ஒன்று வாஷிங்டன் அருகே இறங்க வரும்போது மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். எவ்வளவு தாழ இறங்கலாம் என்பதில் வந்த குழப்பம்தான் காரணம். சில வாரங்களுக்கு முன் இன்னொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே குழப்பத்தில் மாட்டி, மயிரிழையில் தப்பியிருந்தார்கள். அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது; மற்ற நிறுவனத்தாருக்குச் செய்தி போகவில்லை. இதற்குப் பிறகு, விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்பலாம் என்று ஒரு திட்டத்தை 1975இல் விமானப் போக்குவரத்து நிர்வாகம் தொடங்கியது. சிக்கல் என்னவென்றால், அபராதம் விதிப்பதும் உரிமத்தை முடக்குவதும் அதே நிர்வாகம்தான். தண்டிக்கிறவரிடமே போய் யார் எழுதிக் கொடுப்பார்கள்? 1976இல் அந்தப் பொறுப்பு நாசாவிடம் போனது. நாசாவுக்குத் தண்டிக்கிற அதிகாரம் இல்லை. எழுதியவரின் அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் அறிக்கையைச் சேமிக்கும். இன்றுவரை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் அங்கே வந்திருக்கின்றன.

பள்ளியில் விமானம் விழுவதில்லை, உண்மைதான். ஆனால் ஆண்டு மதிப்பீட்டை எழுதுகிறவரும், இடமாற்றத்துக்குப் பரிந்துரைக்கிறவரும், வலைப்பதிவைப் படிக்கிறவரும் நீங்களே. "எடுபடவில்லை" என்று ஒருவர் எழுதிய மறுவாரம் அவர் வகுப்பை நீங்கள் பார்வையிட வந்தால், அது தற்செயலாகவே இருந்தாலும், அந்தப் பள்ளியில் இனி எல்லாப் பாடமும் எல்லார் வகுப்பிலும் வெற்றிகரமாகவே நடக்கும். பதிவில் மட்டும்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு: மாதத்துக்கு இரண்டு பதிவு கட்டாயம், எண்ணிக்கைப் பட்டியல் அறிவிப்புப் பலகையில். கல்வியாளர் ஆண்டி ஹார்க்ரீவ்ஸ் இதை வலிந்து உண்டாக்கிய தோழமை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து விமர்சித்திருக்கிறார். எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை வரும், ஐயமில்லை. மாதக் கடைசியில் இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய பொன்மொழிகளாக வரும். படிக்க மட்டும் செய்கிறவர்களையும் விட்டுவிடுங்கள். அவர்களில் பாதிப் பேர் படித்ததை வகுப்பில் செய்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்களிடம் நான் கேட்பது எழுத்தில் ஒரு உறுதி. இங்கே எழுதியதை மதிப்பீட்டுக்குப் பயன்படுத்த மாட்டேன், ஆய்வுக்கு வருகிறவர்களுக்கோ பெற்றோருக்கோ காட்ட மாட்டேன், யார் எத்தனை எழுதினார்கள் என்று எண்ண மாட்டேன். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரியவரும் செய்தி மட்டும் விதிவிலக்கு. அதை அதற்குரிய வழியில் உடனே சொல்லியே ஆக வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். முடிந்தால் முதல் பதிவை நீங்களே போடுங்கள். வாழ்த்துச் செய்தி வேண்டாம். கால அட்டவணை போடுவதிலோ, பெற்றோர் கூட்டத்திலோ உங்களுக்கு விடை தெரியாத ஒன்றைக் கேளுங்கள். அதற்கு வருகிற பதில்களை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று எல்லோரும் பார்ப்பார்கள்.

பிள்ளைகள் பெயரும் முகமும் எங்கும் வரக்கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். பெயர் போடாவிட்டாலும் "மூன்றாவது வரிசையில், புதிதாக வந்து சேர்ந்த, திக்கிப் பேசும் பையன்" என்றால் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். தவறு என்ன என்று எழுதுங்கள், தவறியது யார் என்று ஊகிக்க இடம் வைக்காதீர்கள். பதிவு ஊழியர்களுக்கு மட்டும் திறக்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் பள்ளிக் கணினியிலும் இருக்கட்டும். போஸ்டரஸ் என்ற வலைப்பதிவுச் சேவையை 2013இல் அடியோடு மூடினார்கள், நகல் எடுத்து வைக்காதவர்களின் எழுத்து அதோடு போயிற்று.

கடைசியாக, நேரம். "ஓய்வு கிடைக்கும்போது எழுதுங்கள்" என்றால் எழுத வேண்டாம் என்று பொருள். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, கண்டதைக் கூடிப் பேசிப் பதிந்துவைக்கும் வழக்கம் இணையத்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிறது. அங்கே அது ஆசிரியர் வேலையின் ஒரு பகுதி. இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும், ஆனால் அது கால அட்டவணையில் அச்சாகி இருக்க வேண்டும். யாராவது விடுப்பில் போனால் பதிலாளை அனுப்ப முதலில் பிடுங்குகிற பாடவேளையாகவும் அது இருக்கக்கூடாது.

அடுத்த பயிற்சிக்கான சுற்றறிக்கையோடு அந்த உறுதியையும் கையெழுத்திட்டு இணைத்து அனுப்புங்கள். விடைத்தாளோடு வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்