எடைக்குப் போடும் முன் வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய பிலிம் கேமராக்கள் இனி எடைக்குப் போடத்தான் லாயக்கு என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அவர் சொல்வதற்கு முன்பே அது நடக்கிறது. பழைய சாமான் வாங்க மோட்டாரில் வருகிறவர் பித்தளைச் சாமான், ரேடியோ எல்லாம் கேட்டுவிட்டு, "கேமரா இருக்கா ஆச்சி?" என்று தனியாகக் கேட்கிறார். எடைக்குப் போகிற பொருளை அவர் ஏன் பேர் சொல்லிக் கேட்க வேண்டும்? அந்த வாசகர் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒலிம்பஸ் ட்ரிப் 35. 1967-இல் இருந்து 1984 வரை ஜப்பான்காரன் செய்து, மில்லியன் கணக்கில் விற்ற கேமரா. என் கொழுந்தனார் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கி வந்தார். அதைத் தொட எங்கள் வீட்டில் உரிமை உள்ள ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். தோட்டத்துத் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர் கழுத்தில் அது தொங்கும். பெண்கள் நாங்கள் வரிசையாக நிற்போம், அவ்வளவுதான். அவர் காலமான பிறகு தோல் உறையோடு அலமாரிக்குப் போனதை, இந்தப் பள்ளி விடுமுறையில் என் பேத்திதான் வெளியே எடுத்தாள்.

முதலில் அது வேலை செய்கிறதா என்று பார்த்தோம். இதற்கு பேட்டரி கிடையாது. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போல ஒரு கண்ணாடி வளையம் இருக்கிறதே, அதற்குள் செலினியம். வெளிச்சம் பட்டால் அதுவே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கி, உள்ளே வெளிச்சத்தை அளக்கும் முள்ளை அசைக்கும். முன்னால் உள்ள வளையத்தை 'ஏ' என்ற எழுத்தில் வைத்து, பின்பக்கச் சக்கரத்தைக் கட்டைவிரலால் முழுக்கச் சுற்றிவிட்டு, லென்ஸை உள்ளங்கையால் மூடிப் பொத்தானை அழுத்துங்கள். பார்க்கும் ஜன்னலில் சின்னதாக ஒரு சிவப்பு நாக்கு எழும்பும், படம் விழாது. கையை எடுத்து வாசல் வெளிச்சத்தைப் பார்த்து அழுத்தினால் 'டிக்' என்று விழ வேண்டும். விழுந்தால் கேமரா உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வெயிலில் பிடித்தும் நாக்கு எழுகிறது என்றால் அந்தச் செலினியம் செத்துவிட்டது. விற்கிறவர்கள் விலை பேசும் முன்னால் இதையாவது செய்து பாருங்கள்.

அப்புறம் மகன் வேனில் எல்லோரும் தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போனோம். கோலகங்சாரில் பசியாறிவிட்டு, புளிச்சோறும் சம்பலும் கட்டிக்கொண்டு. ஈயச் சுரங்கமாக இருந்த இடத்தை 1880-இல் பூங்காவாக்கினார்கள். அங்கே உள்ள தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகள் சாலையைத் தாண்டிப் போய் ஏரித் தண்ணீரை எட்டிப் பார்க்கும். எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் நிழல் என்றால் இப்போது செம்பனைதான், அதன் கீழே யார் உட்காருவார்கள்?

இந்தக் கேமராவில் உள்ள ஒரே வித்தை தூரம். ஜன்னல் வழியே பார்த்தால் கிட்ட இருப்பதும் எட்ட இருப்பதும் ஒரே தெளிவாகத்தான் தெரியும், அதை நம்பக் கூடாது. நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று நாமே மதிப்பிட்டு லென்ஸைத் திருப்ப வேண்டும். அதில் நான்கு சின்னங்கள்: ஒற்றைத் தலை என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர், இரண்டு பேர் என்றால் ஒன்றரை, கும்பல் என்றால் மூன்று, மலை என்றால் தொலைவில் இருப்பதெல்லாம். பேத்தி போனில் எதையோ வைத்து அளக்கப் பார்த்தாள். என் மகன் நின்ற இடத்திலிருந்தே "ஒரு அஞ்சு மீட்டர் இருக்கும்" என்றான்.

நான் பால்மரம் வெட்டியவள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவள். எங்கள் நிரையில் மரத்துக்கு மரம் பத்தடி. விடிவதற்கு முன்னால், தலையில் கட்டிய விளக்கோடு நடந்து நடந்து அந்தத் தூரம் காலுக்கும் தெரியும், கண்ணுக்கும் தெரியும். பத்தடி என்றால் மூன்று மீட்டர், கும்பல் சின்னம். அதில் பாதி, இரண்டு பேர் சின்னம். மரத்தில் பால் வடியும் மங்குக்குக் கை நீட்டப் போகிற தூரம் ஒற்றைத் தலை. "கும்பல்ல வை" என்று நான் சொல்ல, "எப்படி பாட்டி தெரியும்?" என்று பேத்தி அடி வைத்து அளந்து பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அதன் பிறகு கேமரா என் கைக்கு வந்துவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் மழை மேகம் கூடியது. இந்தக் கேமரா கண் திறந்து மூட இரண்டே வேகம்தான்: வெளிச்சம் தாராளமாக இருந்தால் வினாடியில் இருநூறில் ஒரு பங்கு, குறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு. நாற்பதுக்கு இறங்கினால் ஓடுகிற பிள்ளை படத்தில் கலங்கிப் போவான். கடைக்குட்டியை நிற்கச் சொன்னால் நிற்பானா? மரத்து வேரில் உட்கார வைத்து ஒரு கொத்து ரம்புத்தான் கொடுத்தோம். உரித்து முடிக்கும் வரை அசையவில்லை. பிடிக்கும்போது விரல் அந்தக் கண்ணாடி வளையத்தை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மறைத்தால் இருட்டு என்று கேமரா நினைத்துக்கொள்ளும். மருமகள், "அத்தை, விரல்!" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

செலவு ஆகும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஒரு ரோல் வாங்கி, ஈப்போவுக்குக் கொடுத்தனுப்பிக் கழுவி, பிரிண்ட் போட்டு வரும் காசுக்கு வீட்டுக்கு நல்ல மீனாகவே வாங்கலாம். அதனால் இருக்கும் 36 படத்தையும் ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டோம். எடுக்கிறவரே எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டு ஆல்பங்களே சாட்சி. லயத்து வீடு, பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயக்கொட்டகை, பக்கத்து வீட்டுக் கோழி வரைக்கும் அதில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் மட்டும் இல்லை.

பிலிம் முடிந்ததும் அவசரப்பட்டுப் பின்கதவைத் திறக்காதீர்கள். அடியில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டு, மேலே உள்ள கைப்பிடியால் பிலிமை டப்பாவுக்குள் சுற்றி, இறுக்கம் விட்ட பிறகுதான் திறக்க வேண்டும்.

எதிர்வீட்டு அக்காவிடமும் இதே கேமரா இருக்கிறது. உச்சி வெயிலில் காட்டினாலும் சிவப்பு நாக்கு எழுகிறது. விற்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் பேராக்கில் யாராவது இருந்தால் இதே பகுதியில் எழுதுங்கள், கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் பால்மரத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்.