இராமர் பொறித்த 'ஒரு அணா': ஒரு திருத்தம் தேவை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பாத்திரங்களோடு ஒருவருக்குக் கிடைத்த செப்புக்காசைப் பற்றிச் சென்ற இதழில் படத்துடன் செய்தி போட்டிருந்தீர்கள். ஒரு பக்கம் இராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் கிழக்கிந்திய கம்பெனியின் பெயர், 'ஒரு அணா', 1818. இருநூறு ஆண்டு பழைமையான அரிய நாணயம், சேகரிப்பவர்கள் லட்சக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

தங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. 1835-இல்தான் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே நாணயமுறை வந்தது. அதற்கு முன் வங்காளம், பம்பாய், சென்னை மாகாணங்கள் தனித்தனியாகக் காசு அடித்தன. சென்னையில் வராகன், பணம், காசு என்ற பெயருள்ள நாணயங்களில்தான் கணக்கு. வராகனை விட்டு ரூபாய்க்கு மாறிய ஆண்டே 1818. ஒரு அணா மதிப்புக்கென்று தனிக்காசு புழக்கத்துக்கு வந்தது ஏழாம் எட்வர்ட் காலத்தில், 1907-இல். அதுவும் செப்பு இல்லை, நிக்கல் கலந்த, விளிம்பு வளைவு வளைவாக இருக்கும் காசு. அப்படியிருக்க, 1818-இல் செப்பில் ஒரு அணாவை யார் அடித்தார்கள்? தங்கள் படத்தில் இருப்பது பிற்காலத்தில் விற்பதற்காகச் செய்த வில்லை. அனுமார், ஓம், தாமரை என்று பல படங்களோடும், 1616, 1717, 1839 என்று பல ஆண்டுகளோடும் இவை சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

இதை மறுக்க வருபவர்களும் அரைகுறையாகத்தான் மறுக்கிறார்கள். வெள்ளைக்காரன் சாமி படம் போட்டுக் காசு அடிப்பானா என்று கேட்கிறார்கள். அடித்தான். சென்னையில் கம்பெனி அடித்த வராகன்களில் திருமால் உண்டு. 1807-ஐ ஒட்டி வந்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரமும் மறுபக்கம் திருமாலும் இருக்கும், தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பை எழுதியிருப்பார்கள். ஆகவே சாமி படம் இருப்பது குற்றமில்லை. அந்த மதிப்பும், அந்த ஆண்டும், அந்த எழுத்தின் அமைப்பும்தான் பொய் சொல்கின்றன.

நான் பழைய செம்பு, பித்தளையை எடைக்கு வாங்கி விற்கும் தொழிலில் தலை நரைத்தவன். பானையின் அடியிலும் உண்டியலிலும் காசு வருவது எங்களுக்குப் புதிதில்லை. இதே இராமர் காசை ஒரு அம்மா முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தார். இரிடியம் கலந்த காசு, அரிசியை இழுக்கும், வெளிநாட்டுக் கம்பெனி வாங்கிக்கொள்ளும் என்று யாரோ சொல்லி, பரிசோதனைக் கட்டணம் என்று அவரிடம் பணமும் வாங்கிப் போய்விட்டார்கள். மகளின் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம். காசு பொய் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதே என்றார். இப்போது தங்கள் இதழைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை பேர் ஏமாறப் போகிறார்களோ என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய காசு கிடைத்தால் புளி போட்டுத் துலக்குங்கள் என்று முன்பு ஒரு துணுக்கு வெளியிட்டீர்கள். அப்போதே எழுதினேன், பதில் இல்லை. செப்பின் மேல் காலத்தால் படிந்திருக்கும் படலம்தான் அதற்குக் காப்பு. தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். நின்ற மனிதனும் அமர்ந்த மனிதனும் உள்ள இராஜராஜன் காசு ஒன்றை, நாகரி எழுத்து ஒன்றுகூட மிஞ்சாமல் பளபளவென்று தேய்த்து என்னிடம் கொண்டுவந்தார்கள். ஆயிரம் ஆண்டு தாங்கிய காசு ஒரு மாலையில் வெறும் தகடாகிவிட்டது. அப்புறம், பழைய ஐந்து ரூபாய் நோட்டைக் கொடுத்துக் கோடீஸ்வரர் ஆகலாம் என்ற விளம்பரம். இப்படிப்பட்ட வியாபாரத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை, கட்டணமோ கமிஷனோ தான் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதன் பிறகும் அந்த விளம்பரம் தங்கள் இதழில் வந்தது. நீண்ட நாள் வாசகனாக இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

காசை அடையாளம் காண்பது மந்திரம் இல்லை. முதலில் எடை. 1835-ஆம் ஆண்டுக் கால் அணா 6.47 கிராம், அரை அணா 12.95, வெள்ளி ரூபாய் 11.66. தேய்மானத்தில் எடை கொஞ்சம் குறைந்திருக்கலாம், கூடியிருக்க முடியாது. செப்பும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது. அச்சில் அடித்ததா, வார்த்ததா என்பதை ஓரம் காட்டிக்கொடுக்கும், வார்த்த காசின் ஓரத்தில் ஒரு கோடு ஓடும். ஆண்டை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கம்பெனியின் ஆற்காட்டு ரூபாயில் ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டுக்கணக்கு) 1172 என்ற ஆண்டை மாற்றாமலே பல பத்தாண்டுகள் அடித்தார்கள். அதை கி.பி. என்று படித்துவிட்டு, சோழர் காலத்து ரூபாய் என்று வந்து நிற்பவர்களும் உண்டு. பழைமை வேறு, அருமை வேறு. அந்த இராஜராஜன் செப்புக்காசு ஏராளமாகக் கிடைக்கிறது. தங்கள் செய்தியாளர் ஒரு தராசையாவது தேடியிருக்கலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவே இருக்கிறது.

பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசைக் கண்டறிந்து சொன்ன இரா. கிருஷ்ணமூர்த்தியும் ஒரு பத்திரிகை ஆசிரியராக இருந்தவர்தான். தேய்ந்த காசிலிருந்து எழுத்தைப் படித்தெடுத்த அவர் இருந்த தொழிலில், தெளிவாக அச்சடித்த ஒரு பொய்யை யாரும் நிறுத்திப் பார்க்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நான் கேட்பது பெரிதில்லை. அது நாணயம் இல்லை என்று, செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இனிமேல் காசுப் படம் வெளியிட்டால் இரண்டு பக்கத்தையும், எடையையும், விட்டத்தையும் சேர்த்துப் போடுங்கள். திருத்தம் வந்தால் அதைக் கத்தரித்து அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். மீதியிருக்கும் நகையையாவது அவர் அடகு வைக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பழம்பொருள் வியாபாரியான ஒரு வாசகன்