தோண்டுவதற்கு முன்னால் குழாய்க்குள் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சாலை உள்வாங்கி வேன் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற படம் மழைக்காலத்தில் வாரம் ஒன்றாவது வந்துவிடுகிறது. மழை பெய்தது, சாலை இறங்கியது என்று செய்தியும் முடிந்துவிடும். (2017ல் அண்ணா சாலையில் பஸ்ஸும் காரும் இறங்கிய பள்ளம் மெட்ரோ சுரங்க வேலையால் வந்தது, அது தனிக் கதை.) பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கீழே போகிற பாதாள சாக்கடைக் குழாயில் எங்கோ மூட்டு விட்டிருக்கும், நிலத்தடி நீர் ஏறியதும் அந்த விரிசல் வழியாகத் தண்ணீரோடு மணலும் உள்ளே போகும், மாதக்கணக்கில் போய்ப் போய் தாருக்குக் கீழே வெற்றிடமாகிவிடும். எங்கள் திருவல்லிக்கேணி மாதிரி கடலோர மணல் பகுதியில் இது இன்னும் சுலபமாக நடக்கும். மழை கடைசியில் வந்து பெயரை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சிமெண்டுக் குழாயில் வேறொரு வியாதி. சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குழாயின் மேல்பக்க ஈரத்தில் சேர்கிறது, அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன, அமிலம் சிமெண்டைத் தின்கிறது. கழிவுநீர் ஓடும் அடிப்பகுதி ஓரளவு நன்றாகவே இருக்கும், உச்சி மட்டும் உதிர்ந்து கம்பி தெரியும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எங்கள் தெருவில் அடைப்பு என்று புகார் கொடுத்தோம். கசடை உறிஞ்சும் சூப்பர் சக்கர் வந்தது, தண்ணீரைப் பீச்சி அடைப்பை எடுக்கும் ஜெட் ராடிங் வண்டி வந்தது, நான்கு நாளில் திரும்பவும் கழிவுநீர் பொங்கியது. கடைசியில் ஜேசிபியைக் கொண்டுவந்து, போட்டு ஒரு வருஷம்கூட ஆகாத தார் ரோட்டை நீளத்துக்குக் கிழித்தார்கள். தோண்டும்போது குடிநீர்க் குழாயும் உடைந்தது, அப்புறம் இரண்டு வாரம் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினோம். வெளியே எடுத்துப் போட்ட பழைய மண் குழாயைப் போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு மூட்டில் அரச மர வேர் நுழைந்து உள்ளே கொத்தாக வளர்ந்திருந்தது, பக்கத்துத் துண்டுகளைத் தட்டினால் கணீரென்று சத்தம் வந்தது. இந்த ஒரு மூட்டுக்காகவா தெருவை இவ்வளவு நீளத்துக்கு வெட்டினார்கள்?

தோண்டாமலே சரிசெய்ய வழி இருக்கிறது, அதுவும் நேற்று வந்ததில்லை. 1971ல் லண்டன் ஹாக்னியில் எரிக் வுட் என்பவர் செங்கல்லால் கட்டிய பழைய சாக்கடை ஒன்றில், 70 மீட்டர் நீளத்துக்கு இதைச் செய்து காட்டினார். முதலில் ஜெட் அடித்துக் குழாயைச் சுத்தம் செய்து, சக்கரம் வைத்த கேமராவை உள்ளே ஓட்டிப் பார்க்கிறார்கள். பிறகு ரெசினில் (சூட்டில் கல்லாக இறுகும் பிசினில்) ஊறவைத்த கெட்டியான துணிக் குழலை மேன்ஹோல் வழியாக, சட்டைக் கையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுவது போல, தண்ணீர் அல்லது காற்றின் அழுத்தத்தால் புரட்டிப் புரட்டி உள்ளே தள்ளுகிறார்கள். வெந்நீரோ நீராவியோ செலுத்தினால் ரெசின் இறுகிப் பழைய குழாய்க்குள் மூட்டே இல்லாத புதுக் குழாய் ஆகிவிடும். புற ஊதா விளக்கை உள்ளே இழுத்தும் இறுக வைக்கிறார்கள். வீட்டு இணைப்புகள் மூடிப்போன இடங்களை உள்ளிருந்தே ரோபோ கட்டரால் வெட்டித் திறந்துவிடுவார்கள். உள்விட்டம் கொஞ்சம் குறையும், ஆனால் சுவர் வழவழப்பாகிவிடுவதால் ஓட்டம் பொதுவாகக் குறைவதில்லை. டில்லியில் பல தெருக்களின் கழிவுநீரைச் சேர்த்துக் கொண்டுபோகும் பெரிய தண்டுக் குழாய்கள் சிலவற்றை இந்த முறையில் சரிசெய்தார்கள்.

எல்லா இடத்துக்கும் இது ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழாய் முழுசாக நொறுங்கி வழியே அடைந்துபோனால் துணி உள்ளே போகாது. நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும் குழாய்க்கு லைனிங் (இந்த உள்குழல்) போட்டாலும் அந்தத் தொய்வு அப்படியேதான் இருக்கும், அங்கே தோண்டித்தான் ஆக வேண்டும். வேலை முடியும்வரை கழிவுநீரைப் பம்ப் வைத்து வேறு வழியில் திருப்ப வேண்டும். சிலவகை ரெசினில் ஸ்டைரீன் என்ற நெடியடிக்கும் ரசாயன ஆவி வரும், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லாமல் செய்யக் கூடாது. செலவைப் பொறுத்தவரை, ஆழம் குறைந்த சின்னக் குழாய்க்குத் தோண்டுவதே மலிவாக இருக்கலாம். ஆனால் பத்துப் பதினைந்து அடி ஆழத்தில், பக்கம் சரியாமல் முட்டுக் கொடுத்து, தண்ணீரை இறைத்துக்கொண்டே தோண்டும் இடத்தில் கணக்கு தலைகீழாகிவிடும். கிழித்த ரோட்டைத் திரும்பப் போடும் செலவு வேறொரு துறையின் தலையில் விழுவதால் அதை யாரும் கூட்டிப் பார்ப்பதும் இல்லை.

இன்னொன்று, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியிருக்கிறது. கேமராவுக்கு மூச்சு முட்டாது.

லைனிங் போடுவதா வேண்டாமா என்பதைப் பொறியாளர்கள் முடிவு செய்யட்டும். நான் கேட்பது அதற்கு முந்தைய வேலையை. எந்தத் தெருவுக்குப் புதுத் தார் டெண்டர் விட்டாலும், அதற்கு முன் அந்தத் தெருவின் பாதாள சாக்கடையில் கேமரா ஓட்டி, எத்தனையாவது மீட்டரில் என்ன கோளாறு என்ற அறிக்கையை வார்டு அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். எங்கள் தெருவில் வெட்டிய இடத்தில் இப்போது ஜல்லி மட்டும் கொட்டி வைத்திருக்கிறார்கள், தார் அடுத்த மாதமாம். அதற்குள் மீதி நீளத்திலும் ஒருமுறை கேமராவை ஓட்டிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணி வாசகர், சென்னை - 5