செப்பேட்டைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொங்கு நாட்டுச் செப்பேடுகள் பற்றிய கட்டுரை படித்தேன். எழுத்தமைதி, மொழிநடை, அரசர் பெயர் ஆகியவற்றை வைத்து மெய்யேடு, போலியேடு என்று பிரித்திருந்தார் கட்டுரையாளர். சரி, அந்தச் செம்பையும் கொஞ்சம் விசாரிக்கலாமே?

வார்ப்பட ஆலை ஆய்வகத்தில் உலோகத்தை நுண்ணோக்கியில் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நெடுங்காலம் மண்ணில் கிடந்த செம்பில் களிம்பு (பச்சைப் படிவு) மேலோடு நிற்காது. பச்சைக்கு அடியில் சிவந்த ஆக்சைடு அடுக்கு இருக்கும். அரிப்பு, உலோகம் உருவாகியிருக்கும் நுண்ணிய மணிகளின் இடுக்கு வழியே உள்ளே இறங்கியிருக்கும். அமிலம் தடவி அவசரமாக வரவழைத்த களிம்போ மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுப் பெட்டியிலேயே இருந்த ஏட்டில் களிம்பு குறைவாக இருக்கலாம். அங்கே பார்க்க வேண்டியது, சுத்தியலால் அடித்த தகடா, பிற்காலத்து உருளை ஆலையில் வந்த தகடா என்பதை. காணி, முதல் மரியாதை என்று சண்டை வரும் ஊர்களில், பழைய தகட்டிலேயே புதிதாக இரண்டு வரி வெட்டிச் சேர்க்கவும் ஆள் உண்டு. அந்த எழுத்துப் பள்ளங்கள் மட்டும் மற்றவை போலக் கறுத்திருக்காது.

கொலம்பசுக்கு முன்பே வட அமெரிக்காவைக் காட்டியதாகச் சொல்லப்பட்ட, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள வின்லாந்து வரைபடத்தில் நடந்ததும் இதே கதைதான். தோல் உண்மையிலேயே 15ஆம் நூற்றாண்டுத் தோல். ஆனால் நுண்ணோக்கி வல்லுநர் வால்டர் மெக்ரோன் 1970களில் அதன் மைத்துகள்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, 1920 வாக்கில் சந்தைக்கு வந்த டைட்டானியம் வெள்ளை என்ற நிறமி கிடைத்தது. வாதம் ஓயாமல் நடந்து, 2021இல் யேலே அதைப் போலி என்று அறிவித்தது.

கடுதாசி ஆவணம் என்றால் கோவைக்கு இன்னும் எளிது. பழைய துணிக்கந்தல் தாளில் வரும் பருத்தி இழை முறுக்கிய நாடா போலத் தெரியும் என்பது எந்த நூற்பாலை ஆய்வகத்துக்கும் தெரியும். 1780 என்று தேதி போட்ட பத்திரத்தில் மரக்கூழ் இழை இருந்தால் பேச்சே வேண்டாம். மரக்கூழ்த் தாள் பரவியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான்.

நுண்ணோக்கி போலியைக் காட்டிக் கொடுக்கும். மெய் என்று நற்சான்று எழுதித் தராது. பழைய ஏடு சிதைந்தபோது நேர்மையாகப் படியெடுத்ததும் புதுத் தகடாகத்தான் தெரியும். ஆகவே கல்வெட்டறிஞர் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்க வேண்டும்.

ஏடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பூசைக்கோ, போட்டோவுக்கோ பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தடயத்தில் பெரும்பகுதி அந்தக் களிம்பில்தான் இருக்கிறது. தொல்லியல் துறையும் இங்குள்ள பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்து, சர்ச்சைக்குரிய ஓர் ஏட்டையாவது முதலில் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
கணபதி, கோவை.